இந்தியன் வால்நட்

அத்தியாயம் 7

பதினோரு அடி மரம் ஒன்று காணாமல் போயிருந்தது. அதைத் தேடுவதுதான் அன்றைக்கு வேலை.

ஆளைக் கொன்றவன் யார் என்று கேட்டால் கள்ளக்குறிச்சியில் எவனும் வாயைத் திறக்க மாட்டான். மரம் எங்கே போச்சு என்று கேட்டால் ஒருவேளை திறப்பான். ரிட்டயர்டு ஏட்டு சுப்புராயனின் யோசனை இவ்வளவுதான். ஐந்தாவது வரை படித்த மனுஷன். யாரையும் நம்பாமலேயே முப்பத்திரண்டு வருஷம் போலீஸ் வேலை பார்த்து முடித்தவர். ரிட்டயரான பிறகும், நம்பும்படியாக ஒருத்தனும் எதிரே வரவில்லை.

"திங்கக்கெழம கோர்ட்டு, ஏட்டய்யா," என்றாள் வெள்ளச்சி, ஜீப்பின் பின்னால் இருந்து. மடியில் சோற்றுத் தூக்கு. "இன்னிக்கு சனி."

"எனக்கும் காலண்டர் தெரியும்."

கிளைச் சிறை வாசலில் சுப்புராயனும் ஜீப் ஓட்டும் பாவாடையும் அவளை இறக்கிவிட்டார்கள். அவள் புருஷன் கண்ணுசாமி இருபத்து மூன்று நாளாக உள்ளே இருந்தான். திங்கட்கிழமை சேலம் பெரிய ஜெயிலுக்கோ கடலூருக்கோ கொண்டுபோய்விட்டால், மலையிலிருந்து இறங்கி அவளால் சோறு கொண்டுபோக முடியாது. அவள் அழவில்லை. அந்த மாசம் அந்தப் பக்கத்தில் யாருமே அழுததாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். புரட்டாசி முதல் தேதி, ஒதுக்கீடு கேட்டு ஒரு வார மறியல் ஆரம்பித்த விடியற்காலை. கச்சிராயபாளையம் ரோடு ஐந்தாம் மைலில் ஒரு வாகை மரம் குறுக்கே கிடந்தது. ஜில்லா பூராவும் அன்றைக்கு அப்படித்தான். வெள்ளிமலையிலிருந்து கண்ணுசாமியையும் அவன் சாமை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இறங்கிய பாவாடையின் ஜீப் அங்கே நின்றது. "ரெண்டு கெளைய வெட்டி வழி பண்ணுடா" என்று பாவாடைதான் சொன்னான். கண்ணுசாமி கோடாலியோடு இறங்கினான். மூன்றாவது கிளையை ஒதுக்கியபோது, ரோடு கூலி வீரமுத்துவின் கால் தெரிந்தது. போலீஸ் வேன் வந்தபோது செத்தவன் கீழே, கோடாலி இவன் கையில். மரத்தை வெட்டி ஆள் மேல் சாய்த்துக் கொன்றான் என்று கேஸ் எழுதிவிட்டார்கள். பாவாடை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"மலைக்காரங்களுக்குத் தனி ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்குதுங்க. அவன் இன்னாத்துக்கு ரோட்ட மறிக்கணும்?" என்றான் பாவாடை, கியரைப் போட்டுக்கொண்டே. "இத்த இன்ஸ்பெக்டர் கையில கேட்டேன். ஒனக்கும் லாக்கப்புல ஒரு எடம் ஒதுக்கித் தரேன்னாரு."

சுப்புராயன் சிரிக்கவில்லை. நேற்று ஐந்தாம் மைலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மறியலில் விழுந்த மரமெல்லாம் கோடாலியால் கொத்திக் குதறப்பட்டவை. இந்த மரம் மட்டும் முழங்கால் உயரத்தில், ரெட்டை ஆள் ரம்பம் போட்டு, தட்டு மாதிரி அறுபட்டிருந்தது. மிச்சம் நின்ற அடிக்கட்டையில் ரோடு இலாகா போட்ட எட்டாம் நம்பர் பெயிண்ட். ரோட்டில் கிடந்தது உச்சிக் கிளைகள் மட்டும். நடுமரம் பதினோரு அடி இல்லை. அந்த மரத்தை அவருக்கு ஒருவகையில் தெரியும். பாவாடையிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"மறியல்காரன் மரத்த அறுத்து எடுத்துக்கினு போவானா, பாவாடை?"

"போவ மாட்டான். போட்டுட்டுப் போறதுக்குதான் வெட்டறான்."

"அப்போ எடுத்துக்கினு போறவன் யாரு?"

"மரவாடிக்காரன்," என்று பாவாடை ஜீப்பைத் திருப்பினான்.

*

அன்புச்செல்வன் மரவாடி, கச்சிராயபாளையம் ரோட்டிலேயே மூன்றாம் மைலில் இருந்தது. முதலாளி வெள்ளைச் சட்டை. புரட்டாசி சனி என்பதால் நெற்றியில் நாமம். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். சுப்புராயன் நின்றுகொண்டே கேட்டார்.

"வாகை இருக்குதா?"

"வாகையா? நம்ம வாடியில வாகையே கெடையாதுங்க. ஒரு வருஷமா தொட்டதில்ல. யாருங்க அத்த வாங்கறாங்க? வேணும்னா உள்ள பூந்து பாருங்க. ஒரு சிராய் இருந்தா கேளுங்க."

ஒரு கேள்விக்கு நாலு பதில். ஒருத்தன் எதை இல்லை இல்லை என்கிறான் என்று சுப்புராயன் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. எதைப் பெருமையடிக்கிறான் என்று பார்ப்பார். பெருமையில்தான் ஆள் அசருவான். கொட்டகை முகப்பில் பெயிண்டில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். தேக்கு. வேங்கை. இந்தியன் வால்நட்.

"அது இன்னாது?"

"நட்டு தெரியும். அதுக்கு வால் வேற மொளைச்சிருக்குதா?" என்றான் பாவாடை.

அன்புச்செல்வன் முகம் மலர்ந்தது. "வால்நட்டுங்க. அக்ரோட்டு பருப்பு இல்ல? அது காய்க்கிற மரம். காஷ்மீர் சரக்கு. இந்த ஜில்லாவிலேயே நம்ம கையிலதான். பாட்டு கோஷ்டி அய்யப்பன் இல்ல? கிடாருக்குன்னு இருந்த ஒரே பலகையும் வாங்கிக்கினு பூட்டாரு."

"காஷ்மீர் சரக்குக்கு இந்தியன்னு எதுக்கு எழுதினுகீற?"

"காஷ்மீர் இந்தியாவுலதானங்க இருக்குது?"

சுப்புராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாங்க, பொசுக்குனு கெளம்பிட்டீங்க?" என்று பாவாடை பின்னாலேயே வந்தான்.

"காஷ்மீர்லேந்து ஒரே ஒரு பலகைக்கு எவனாச்சும் லாரி அனுப்புவானா?"

*

அய்யப்பனின் இசைக்குழு, சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. டிரம்ஸ் மேல் வேட்டி காயப்போட்டிருந்தது. மறியலுக்குப் பிறகு, ஆயுத பூஜைக்கு ஒன்றைத் தவிர, கச்சேரி எதுவும் இல்லை. கோயில் விசேஷங்களே சத்தமில்லாமல் நடந்தன. அய்யப்பன் பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கோபித்துக்கொண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய கிடார் எலவனாசூர்கோட்டைத் திருவிழாவில் லாரியிலிருந்து விழுந்து உடம்பு பிளந்துவிட்டது. கழுத்தும் கம்பியும் மின்சார பாகங்களும் பிழைத்தன. அந்தக் கழுத்தை நாலு ஸ்குரூ போட்டுப் புது உடம்பில் பொருத்தியிருக்கிறான். உடம்பு கருப்புக் கோடு ஓடிய பழுப்பு நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"வால்நட்டு எதுக்கு? பலா இல்லியா? வேம்பு இல்லியா?" என்றார் சுப்புராயன்.

"மெட்ராஸ்ல ஒரு ஸ்டுடியோக்காரர் சொன்னாருங்க. பேஸுக்கு வால்நட்டு மாரி வராதுன்னு. அடிச் சத்தம் கொழகொழன்னு பரவாது, திட்டமா நிக்கும். தட்டற தட்டு மேல தெளிவா கேக்கும். கொஞ்சம் கனம் ஜாஸ்தி, தோள்பட்டை போயிடும். போனா போவுதுன்னு கேட்டேன்."

"கரண்டுல பாடற வாத்தியத்துக்கு மரம் எதுவா இருந்தா இன்னாங்க?" என்றான் பாவாடை. "எங்க ஜீப்பு ஆரன் கூட கரண்டுதான். தகரத்துல மாட்டிருக்கோம். நல்லாதான் கத்துது."

"ஆரன்ல ராகம் வராதுல்ல?"

"எங்க ஜீப்புல பிரேக்கே வராது. ராகத்துக்கு எங்க போறது?"

"வாசி," என்றார் சுப்புராயன்.

அய்யப்பன் ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டு வாசித்தான். தரை அதிர்ந்தது. மூன்றாவது கம்பியில் ஒரு கட்டத்தை அழுத்தியபோது மட்டும், சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. கர்ர் என்று, தொண்டையில் எதுவோ சிக்கிய மாதிரி.

"இதாங்க. கழுத்தும் வேற ஒரு பக்கமா திருகிக்கினு வருது. ஆயுத பூஜை அன்னிக்கு திருநாவலூர்ல மொதமொத மேடையேத்தினேன். இந்த எடம் வந்தாலே கத்துது. பேய் புடிச்சிருக்குதுன்னு பசங்க கேலி பண்றானுங்க."

சுப்புராயன் அவனை ஒருகணம் பார்த்தார். பிறகு வலது கையை மரத்தின் மேல் வைத்தார். போன வருஷம் அவர் மனைவி செத்த பிறகு அந்தக் கைவிரல்கள் மரத்துப்போயிருந்தன. சர்க்கரை என்றார் டாக்டர். தீக்குச்சி சுட்டாலும் தெரியாது.

"இன்னொரு வாட்டி வாசி."

கர்ர். உள்ளே ஏதோ ஒன்று துடித்தது. விரலுக்குத் தெரிந்தது. ஏன் தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

"மரத்துப்போன கையால மரத்தத் தொட்டுப் பாக்கறீங்க," என்றான் பாவாடை. "இன்னா சொல்லுது?"

"உள்ள இரும்பு இருக்குதுன்னு சொல்லுது. யாரு செஞ்சா?"

"ராஜாங்கம் ஆசாரிங்க."

"தூக்கினு வா."

*

ராஜாங்கம் ஆசாரி பட்டறையில் ஒரு பழைய வீணையின் குடத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். கிடாரைப் பார்த்ததும் அவர் கை நின்றது. ஏட்டைப் பார்த்ததும் மறுபடி ஓடியது, முன்னைவிட வேகமாக.

"இது இன்னா மரம், ஆசாரி?"

"வால்நட்டுன்னு குடுத்தாங்க."

"நான் குடுத்தவனைக் கேக்கல. ஒன்னைக் கேக்கறேன்."

ஆசாரி பட்டையைக் கீழே வைத்தார். "இந்தியன் வால்நட்டுன்னா வாகைங்க. வாடிக்காரன் பாஷையில அப்படித்தான். வெள்ளக்காரன் காலத்துல கப்பல்ல ஏத்தறதுக்கு வச்ச பேரு. வைரம் கருப்பா, கோடு கோடா, பாக்க அப்படியே இருக்கும்."

அய்யப்பன் கிடாரை ஒரு அடி தள்ளிப் பிடித்தான். "வாகையா? எங்க வூட்டு மாட்டுக் கொட்டாய் தூணு வாகைங்க!"

"அப்போ மாட்டுக்கும் அடிச் சத்தம் திட்டமா கேட்டிருக்கும்," என்றான் பாவாடை.

"ஈர மரம். அழுவுதுன்னு சொன்னேன், கேக்கல," என்றார் ஆசாரி. "கழுத்து திருகும்னும் சொன்னேன்."

"பலகை என்னிக்கு வந்திச்சி?"

ஆசாரி வாயைத் துடைத்துக்கொண்டார். "மறியல் முடிஞ்சிதான். ரோட்ல கெடந்த மரத்தயெல்லாம் ஏலம் உட்டாங்க இல்ல? அதுல எடுத்தது."

சொல்லிக் கொடுத்த பதில். சரியாகத்தான் இருந்தது. மறியல் முடிந்து ஏலத்தில் எடுத்த மரம் என்றால், அன்புச்செல்வன் மேல் குற்றமே இல்லை. பாவாடையின் முகம் தொங்கியது. திங்கட்கிழமை வந்துவிட்டது மாதிரி இருந்தது.

சுப்புராயன் மெதுவாகக் கேட்டார். "அப்போ புரட்டாசியில புது வேலை ஆரம்பிச்சேன்னு சொல்லு."

"நானா?" ஆசாரி எழுந்தே விட்டார். "இன்னா ஏட்டய்யா பேசறீங்க? எங்க அப்பன் காலத்துலேந்து புரட்டாசியில புது மரத்துல உளி வச்சது கெடையாது! ஊர்ல யாரை வேணா கேளுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்தது. அப்படியே உட்கார்ந்தார்.

"ஸ்குரூவைக் கழட்டு," என்றார் சுப்புராயன்.

கம்பிக்குக் கீழே இருந்த மின்சாரக் கட்டையைத் தூக்கினார்கள். குடைந்த குழிக்குள், பென்சிலில் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே: ஆவணி 31, புதன். எந்த வேலை தொடங்கினாலும் முதல் உளி வைத்த இடத்தில் தேதி போடுவது ராஜாங்கத்தின் வழக்கம். சாமிக்குக் காட்டுவதற்கு. மனுஷன் பார்ப்பான் என்று அவர் நினைக்கவில்லை.

புரட்டாசி முதல் தேதி மறியல். ஆவணி முப்பத்தொன்று அதற்கு முதல் நாள், இங்கிலீஷ் தேதிக்கு செப்டம்பர் பதினாறு.

"அன்புச்செல்வன் கையில நான்தான் சொன்னேன்," என்றார் ஆசாரி. "நாளைக்குப் புரட்டாசி பொறக்குது, இன்னிக்கு வெளக்கு வைக்கறதுக்குள்ள பலகை வரலன்னா ஐப்பசிதான்னு. ஆயுத பூஜைக்குள்ள தரேன்னு அவன் அய்யப்பனுக்கு வாக்கு குடுத்துட்டானாம். கையில மரம் இல்ல. மதியம் ரெண்டு மணிக்குக் கொண்டாந்தான். பச்சை மரம். எங்கேந்துன்னு நான் கேக்கல."

பிறகு நடந்ததை எழுத்துக் கூட்டுவது சுலபம். காலையில் ஆளும் ரம்பமுமாக ஐந்தாம் மைலில் மரத்தை ஓடைப் பக்கமாகச் சாய்த்திருக்கிறார்கள். ரோடு கூலி வீரமுத்து பர்மிட் எங்கே என்று கேட்டுக் கிட்டே வந்திருக்கிறான். மரம் அவன் மேல் விழுந்தது. தழையைப் போட்டு மூடிவிட்டு நடுமரத்தை மட்டும் கொண்டுபோனார்கள். மறுநாள் ஊர் பூராவும் மரம் விழப்போகிறது என்று அன்றைக்கே பேச்சு இருந்தது. இருட்டியதும் உச்சிக் கிளைகளையும் பிணத்தையும் ரோட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். ஆயிரம் மரத்தோடு ஆயிரத்தோராவது மரம். பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு எவனும் எதையும் பார்க்கவில்லை.

"பதினாறாம் தேதி கண்ணுசாமி மலைமேல பாரஸ்ட் நாத்து நட்டுக்கினு இருந்தான்!" என்று பாவாடை குதித்தான். "கைநாட்டு வச்ச நோட்டு ஆபீஸ்ல இருக்குதுங்க!"

"இரு. இது ஐந்தாம் மைல் வாகைதான்னு எவன் சொல்லுவான்? வாகை ஊருக்கு நூறு." சுப்புராயன் குழியைக் காட்டினார். "அந்த இரும்பை எடு."

"அது… உளி வாயே போச்சுங்க. எடுத்தா மரம் தெறிக்கும்னு மேல தூளும் கோந்தும் வச்சி மூடினேன். ஈரம் காஞ்சி லூசாயிருக்கும்."

கோந்தைச் சுரண்டி, குறடால் பிடித்து இழுத்தார். வந்தது. அடுத்த நொடி குறடோடு தரையில் போட்டார்.

"பேயோட்டின ஆணிங்க! முடி சுத்தியிருக்குது!"

அய்யப்பன் சுவரோரம் போய் நின்றான். சுப்புராயன் குனிந்து எடுத்தார். மாட்டுக்கு லாடம் கட்டும் ஆணி. தலை இடப்பக்கமாக வளைந்திருந்தது. அதைச் சுற்றிக் கருப்பு முடி, மரத்துக்குள் ஒன்பது வருஷம் இருந்தும் கருப்பாகவே.

கைக்குட்டையில் சுருட்டி மேல்பையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷனுக்கு உடு."

*

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வராந்தாவில் வெள்ளச்சி காலித் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி யாரும் பேசவில்லை. ஆனாலும் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தேதி சரி. ஆசாரி சாட்சி சரி. இந்த ஆணி அந்த மரத்துலதான் இருந்ததுன்னு யார் சொல்லுவா?"

"நான்."

"நீங்க சொன்னா கோர்ட் நம்பணுமா, ஏட்டய்யா?"

"நம்ப வேணாம். நானே யாரையும் நம்பறதில்ல. எழுபத்தெட்டாம் வருஷம் ஸ்டேஷன் டைரிய எடுக்கச் சொல்லுங்க. ஆடி அமாவாசை."

ரிக்கார்டு ரூம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆனது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. ரைட்டர் சத்தமாகப் படித்தார்.

"'ஏட்டு சுப்புராயன் ஆகிய நான் எழுதுவது. என் மனைவி பெரியநாயகி மூன்று மாதமாகப் பேசாதபடியால் மந்திரவாதி ஒருவரை அழைத்து, கச்சிராயபாளையம் ரோடு ஐந்தாம் மைல் வாகை, மரம் நம்பர் எட்டில், அவள் முடியை ஆணியால் அடித்தோம். ஆணி நான் கொடுத்த லாட ஆணி, தலை இடப்பக்கம் வளைந்தது. மேற்படி மந்திரவாதி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முடியில் கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டு பிறகு ஏவல் வைத்தாலும் வைப்பான். எனவே அடிக்கும் முன் எண்ணிப் பார்த்தேன். முடி இருபத்தொன்று. பின்னால் தகராறு வராமல் இருக்கப் பதிவு செய்கிறேன்.'"

யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் மட்டும் ஒருமுறை இருமினார்.

"பேசினாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேசினா. மரத்தால இல்ல. அதுபாட்டுக்குப் பேசினா." சுப்புராயன் மேஜையைத் தட்டினார். "எண்ணிக்கையைச் சரி பாருங்க. வெள்ளைக் காகிதம் போட்டு எண்ணுங்க. வாய்வார்த்தைக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

காகிதம் விரித்தார்கள். ஆணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தது சுப்புராயன்தான். வேறு யாரும் தொடவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள். ரைட்டர் பென்சில் நுனியால் எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

"இருபதுங்க சார். ஒன்னு கொறையுது."

"அந்த மந்திரவாதி எடுத்திருப்பான்," என்றார் சுப்புராயன். "அன்னிக்கே எனக்கு சந்தேகம்."

"முடி ஒன்னு கொறைஞ்சா கேஸ் கொறையாது." இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்தார். "வேனை எடுக்கச் சொல்லுங்க. மரவாடிக்குப் போகணும். ஏட்டய்யா, திங்கக்கெழம மலைக்காரனுக்கு நானே மனு போடறேன்."

வராந்தாவில் வெள்ளச்சி எழுந்து நின்றாள். "உட்டுடுவாங்களா?"

"உட்டுடுவாங்க," என்றான் பாவாடை. "சாமை மூட்டை என் வூட்லதான் இருக்குது. எலி தின்னது போக மீதிய எடுத்துக்கினு போவச் சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்று உடனே வரவில்லை. தூக்கைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

சுப்புராயன் முன்சீட்டில் உட்கார்ந்தார். பாவாடை சாவியைப் போடும்போது திரும்பினான். ஏட்டின் சட்டையில் மூன்றாவது பட்டனைச் சுற்றி, ஒரே ஒரு கருப்பு முடி, இரண்டு சுற்று சுற்றி இறுக்கியிருந்தது.

"இன்னாடா பாக்கற?"

பாவாடையிடம் அந்த இடத்துக்கு நாலு பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"ஒன்னுமில்லீங்க. பட்டன் நல்லா இருக்குதான்னு பாத்தேன்."

ஜீப் கிளம்பியது. சுப்புராயன் வலது கையால் பட்டனைத் தொட்டார். மரத்துப்போன விரலுக்கு முடி இருப்பது தெரியவில்லை. அதனால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஜீப் தூக்கிப்போட்டபோது, குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.